வைத்தியர் அறையில் விடை கூறுவது யார்?

நம் மாணாக்கன் ஒருவன் தலைவலி, நித்திரையின்மை என்று மும்முறை வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்றான். மும்முறையும் வலிமாத்திரையே கிடைத்தது. வைத்தியர் வினவியவற்றுக்கெல்லாம் உடன்சென்ற தாயாரே விடை பகர்ந்தார். (நம் பிள்ளைகள் விடயத்தில் நாமும் இவ்வாறே செய்திருக்கிறோம்!)

2005ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றின்படி, மனநோய்க்கு ஆளாவோருட் பாதிப்பேருக்கு அது 14 வயதுக்குள்ளும், முக்காற்பங்கினர்க்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றது. இவ்வயதினர் மனநல வைத்தியரைத் தாமாக நாடுதல் அரிது. தலைவலி, நெஞ்செரிவு என்று முதலிற் காண்பது பொது வைத்தியரையே. அவருக்கோ ஒருவர்க்குச் சில நிமிடங்களே உண்டு. அதற்குள் அடங்கும் இரு வினாக்கள் உள. கடந்த இரு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்தீரா? மனஞ்சோர்ந்து, நம்பிக்கையிழந்து வருந்தினீரா? இவை நோயைத் தீர்மானிப்பன அல்ல. மேலும் விசாரிக்கப்பட வேண்டியவர் யாவரெனக் காட்டுவன. ஆயினும், பெற்றோர் அருகிருக்க இவற்றுக்கு மெய்யான விடை வருமா?

நான்காம் முறை தாயார் கதவுக்கு வெளியே காத்திருந்தார். பையன் நெடுநேரம் பேசினான். மனநல வைத்திய அதிகாரிக்கு எழுதிய கடிதமொன்றுடன் வெளியே வந்தான். அதன் அடியில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் இருந்தது. "என்ன சொன்னனி?" என்று தாயார் கேட்டிலர்.