இல்லத்திற்கேற்ற இணைய இணைப்பு

திருப்பதியிலிருந்து புத்தூர் வழியாகச் சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது வடமாலபேட்டை. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இம்மண்டலம், 2022 ஏப்ரல் 4 அன்று உருவான திருப்பதி மாவட்டத்தில் இணைந்தது. இத்தகைய ஊர்களில் கல்லூரி விண்ணப்பம், தேர்வு முடிவு, நிலப் பதிவேடு, வங்கிக் கணக்கு ஆகியவை இன்று பெரும்பாலும் இணையத்தின் வழியே கிடைக்கின்றன. எனவே, தேவைக்குப் பொருந்தாத இணைப்பைப் பெற்ற குடும்பம் பணத்துடன் வாய்ப்பையும் இழக்கிறது. விளம்பரத்தில் காணும் வேகத்தை மட்டும் நோக்காது, தேவை, வீட்டுவாசல்வரை வரும் வசதி, ஆண்டுச் செலவு ஆகிய மூன்றையும் ஆராய்ந்து முடிவு செய்தலே முறையாகும்.

தேவையின் அளவு

வேகம் மெகாபிட் கணக்கிலும், பயன்படுத்தும் தரவு ஜிகாபைட் கணக்கிலும் குறிக்கப்படுகின்றன. 8 பிட்கள் சேர்ந்தது ஒரு பைட். விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் நடைபெறும் காணொளி வகுப்பு, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 0.45 ஜிகாபைட்டைச் செலவழிக்கும். 5 மெகாபிட் வேகத்தில் காணும் தெளிவான திரைப்படமோ, அதே நேரத்தில் 2.25 ஜிகாபைட்டைச் செலவழிக்கும். நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் தரும் கைப்பேசித் திட்டம் ஒரு மாணவரின் இரண்டு மணி நேர வகுப்பிற்குப் போதும். ஒரு மணி நேரத் திரைப்படத்திற்குப் போதாது.

பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச வேகத்தை மத்திய அரசு 2004-இல் 256 கிலோபிட் எனவும், 2013-இல் 512 கிலோபிட் எனவும், 2023-இல் 2 மெகாபிட் எனவும் வரையறுத்தது. இது அடிமட்ட எல்லையே. ஒரே வேளையில் இருவர் வகுப்பிலும் ஒருவர் திரைப்படத்திலும் ஈடுபட்டால் 7 மெகாபிட் தேவைப்படும். ஆகவே, தடையின்றிக் கிடைக்கும் 30 மெகாபிட் இணைப்பே அத்தகைய குடும்பத்திற்குத் தாராளமாகும்.

வழிகள் மூன்று

முதலாவது, ஃபைபர் எனப்படும் ஒளியிழை வடம். 2017 டிசம்பர் 27 அன்று தொடங்கி வைக்கப்பட்ட ஆந்திரப் பிரதேச ஃபைபர்நெட் திட்டத்தில், மின்கம்பங்களின் வழியே வடம் கொண்டு செல்லப்பட்டது. இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றும் சேர்ந்த தொடக்கக் கட்டணம் அப்பொழுது மாதம் 149 ரூபாய். பள்ளம் தோண்டும் செலவு இம்முறையில் மிச்சமாகிறது. ஆயினும், புயல்மழையில் கம்பம் சாய்ந்தால் வடமும் அறுபடக்கூடும். மின்சாரம் நின்றால் வீட்டிலுள்ள ரூட்டரும் நின்றுவிடும்.

இரண்டாவது, கைப்பேசி இணைப்பு. எங்கும் எடுத்துச் செல்லலாம். மின்தடையிலும் சிறிது நேரம் உதவும். ஆனால் ஒரே கோபுரத்தைப் பலர் பகிர்வதால் மாலை வேளைகளில் வேகம் குறையலாம். மலைகள் மறைக்கும் இடங்களில் அலைவரிசை வலுவிழக்கும்.

மூன்றாவது, கூரையில் பொருத்திய கருவியின் மூலம் 5ஜி அலையைப் பெறும் ஏர்ஃபைபர் முறை. வடம் வராத வீட்டிற்கு இது ஏற்றது. எனினும் அருகில் 5ஜி கோபுரம் இருத்தல் வேண்டும்.

ஆண்டுக் கணக்கு

28 நாள் திட்டத்திற்கு ஆண்டில் 13 முறை பணம் செலுத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, தரவுடன் கூடிய திட்டம் 300 ரூபாய் எனவும், பேசுவதற்கான திட்டம் 200 ரூபாய் எனவும் கொள்வோம். நான்கு கைப்பேசிகளுக்குத் தரவுத் திட்டம் பெற்றால் ஆண்டுச் செலவு 15,600 ரூபாய். மாறாக, மாதம் 500 ரூபாயும் 18 சதவீத வரியும் கொண்ட ஃபைபர் இணைப்பிற்கு 7,080 ரூபாய். பேசுவதற்கு 10,400 ரூபாய். ஆக மொத்தம் 17,480 ரூபாய். கூடுதல் செலவு 1,880 ரூபாய், அதாவது மாதம் ஏறத்தாழ 157 ரூபாய். படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது தகுந்த முதலீடு. இருவர் மட்டும் வாழும் வீட்டிலோ கூடுதல் செலவு 4,480 ரூபாயாகிறது. அவர்களுக்குக் கைப்பேசியே சிக்கனமானது.

நுகர்வோர் கடமையும் உரிமையும்

பணம் கட்டுமுன், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அஞ்சல் குறியீட்டெண்ணை இட்டு, அவ்வட்டாரத்தில் வட இணைப்பு வழங்கும் நிறுவனங்களை அறியலாம். பக்கத்து வீட்டாரின் கைப்பேசியில் இரவு எட்டு மணிக்கு வேகத்தைச் சோதித்தல் நன்று. பொருத்தும் கட்டணம், முன்வைப்புத் தொகை, தரவு எல்லை கடந்தபின் கிடைக்கும் வேகம் ஆகியவற்றை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

சேவை திருப்தியளிக்காவிடில், 2011 முதல் நாடெங்கும் நடைமுறையிலுள்ள வசதியின்படி, எண்ணை மாற்றாமலே வேறு கைப்பேசி நிறுவனத்திற்கு மாறலாம். புகாரை முதலில் நிறுவனத்தின் புகார் மையத்திலும், தீர்வு கிட்டாவிடில் அதன் மேல்முறையீட்டு அதிகாரியிடமும் அளிக்கலாம்.

கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் தேசியத் திட்டத்திற்கு 2011-இல் ஒப்புதல் கிடைத்தது. அதுவே பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. ஊராட்சி அலுவலகம்வரை வடம் வந்துவிட்டது என்ற புள்ளிவிவரத்துடன் அதிகாரிகள் நின்றுவிடலாகாது. அங்கிருந்து கடைசித் தெருவிலுள்ள மாணவியின் வீடுவரை இணைப்பு சென்றடைந்ததா, அதன் கட்டணம் அக்குடும்பத்தின் வருவாய்க்கு அடங்குகிறதா என்பனவே திட்டத்தின் வெற்றியை அளக்கும் அளவுகோல்களாகும்.