பம்பை ஒலியைப் பெட்டியில் அடைக்கலாமா?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் இருக்கிறது கிளியனூர். ஆடி மாதம் வந்துவிட்டால் அந்தப் பக்கத்து அம்மன் கோயில்களில் பம்பையும் உடுக்கையும் முழங்கும். திருவிழா இரவில் மெல்லிசைக் குழு வந்தால் மேடையில் ஒருவர் நின்றுகொண்டு, ஒரு கறுப்புப் பெட்டியின் ரப்பர் சதுரங்களைக் குச்சியால் தட்டிக்கொண்டிருப்பார். தபேலா, டோலக், கைதட்டல், கண்ணாடி உடையும் ஓசை என்று எல்லாம் அதிலிருந்தே வரும்! நம் ஊர்களில் அதற்கு ‘ரிதம் பேட்’ என்று பெயர்.

“அதுபோல் ஒன்று வாங்கி, எங்கள் ஊர்ப் பம்பையை அதில் ஏற்றி, நானே தாளம் அமைக்கலாமா?” என்று கேட்கும் மாணவர்கள் இப்போது பலர். அமைக்கலாம். ஆனால் வீட்டில் பல ஆயிரம் ரூபாய் கேட்பதற்கு முன் கொஞ்சம் இயற்பியல் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஒரு வேறுபாடு. மேடைகளில் அதிகம் கண்ட ரோலண்ட் எஸ்.பி.டி.-20 என்னும் பேட், தொழிற்சாலையிலேயே உள்ளே வைத்து அனுப்பப்பட்ட ஒலிகளைத்தான் எழுப்பும். உங்கள் ஊர்ப் பம்பையை அது கேட்காது. 2011-இல் வந்த எஸ்.பி.டி.-எஸ்.எக்ஸ். அப்படியல்ல, வெளியிலுள்ள ஒலியைப் பதிந்துகொண்டு, தட்டும்போது திருப்பித் தரும். இப்படிப் பதிந்து தரும் கருவிக்குத்தான் ‘சாம்ப்ளர்’ என்று பெயர். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் பழைய கருவி வாங்குவோர் பலர் ஏமாந்து போகிறார்கள்.

சாம்ப்ளர் என்ன செய்கிறது? மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தைச் சீரான இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறது. திருப்பி வாசிக்கும்போது அந்த எண்களிலிருந்து மின்னழுத்தத்தை மீண்டும் உண்டாக்குகிறது. அவ்வளவுதான். வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது மாதிரி வீதம். ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் அளந்தால்தான் அந்த ஒலி முழுமையாகப் பிடிபடும். நம் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் வீதத்தை 44,100 என்று வைத்ததற்கு இதுவே அடிப்படை.

வேகம் போதாவிட்டால் என்ன ஆகும்? சினிமாவில் குதிரை வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே மாயம் ஒலியிலும் நடக்கும். வினாடிக்கு 20,000 முறை அளக்கும் கருவியிடம் 18,000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்தால், அது 2,000 ஹெர்ட்ஸ் ஒலியாகத் திரும்பி வரும். இல்லாத ஸ்வரம் ஒன்று எங்கிருந்தோ முளைத்துவிடும்! இதைத் தடுக்க, உயர் அதிர்வெண்களை முன்கூட்டியே வடிகட்டிவிடுவார்கள். அப்போது ஒலி மந்தமாகிவிடும். 1986-இல் வந்த கேசியோ எஸ்.கே.-1 என்னும் சிறு கீபோர்டு வினாடிக்குச் சுமார் 9,380 முறைதான் அளந்தது. பம்பையின் ‘கணீர்’ அதில் பாதிக்கு மேல் செத்துப் போகும். அது பதிந்ததும் சுமார் ஒன்றரை வினாடிதான். ஆனாலும் அந்நாளில் அது ஓர் அதிசயம்.

இன்னொன்று, ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுட்பமாக எழுதுகிறோம் என்பது. 8 பிட் என்றால் 256 படிகள். 12 பிட் என்றால் 4,096. 16 பிட் என்றால் 65,536. ஒரு பிட் கூடும்போது ஏறத்தாழ 6 டெசிபல் லாபம். எனவே 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடம் கிடைக்கிறது. அதற்கு மேல் விளம்பரங்களில் வரும் பெரிய எண்களுக்கு முதல் கருவியில் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நினைவகம் முன்பு பெரிய தலைவலி. 1987-இல் வந்த ஈ-மூ எஸ்.பி.-1200 என்னும் புகழ்பெற்ற கருவி 12 பிட்டில், வினாடிக்குச் சுமார் 26,000 வீதம், மொத்தமே 10 வினாடிதான் கொள்ளும். நியூயார்க் இளைஞர்கள் இதற்கு ஒரு தந்திரம் கண்டார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிந்தார்கள். பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். 45-ஐ 33⅓-ஆல் வகுத்தால் 1.35. பத்து வினாடி பதின்மூன்றரை வினாடி ஆகிவிட்டது! அதனால் வந்த சொரசொரப்பையே பின்னால் வந்தவர்கள் அழகு என்று விரும்பிக் கேட்டார்கள்.

நமக்கு எவ்வளவு வேண்டும்? பம்பையில் 12 விதமான அடிகளை, மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என மூன்று விசைகளில், ஒவ்வொன்றும் ஒரு வினாடி பதிவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 36 வினாடி. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு வினாடிக்கு 88,200 பைட். ஆக, சுமார் 3.2 மெகாபைட். இன்றைய கருவிகளுக்கு இது பொரிகடலை. ஆகவே நினைவகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மூன்று விசைகள் எதற்கு? ஓங்கி அடித்த ஒலி, மெல்ல அடித்த ஒலியின் உரத்த நகல் அன்று. ஓங்கி அடித்தால் மேலதிர்வுகள் கூடுதலாக எழும்புகின்றன. ஒரே பதிவின் ஒலியளவை மட்டும் கூட்டிக் குறைத்தால், கதவுக்குப் பின்னால் நின்று வாசிப்பதுபோல் இருக்கும். எனவே தட்டும் விசையை உணரும் பேட் உங்களுக்கு அவசியம்.

சுருதி மாற்றம் இன்னும் சுவையானது. சாம்ப்ளர் எண்களை வேகமாகப் படித்தால் சுருதி ஏறும். அரை ஸ்வரத்துக்கு 1.0595 மடங்கு, பன்னிரண்டு அரை ஸ்வரம் ஏறினால் சரியாக இரண்டு மடங்கு, ஒலியின் நீளமோ பாதி. வெறும் வட்டத் தோலின் மேலதிர்வுகள் 1, 1.59, 2.14 என்று ஒழுங்கில்லாமல் போகும். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கரணை அவற்றை 1, 2, 3 என்று ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. சர் சி.வி. ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். வேகத்தை மாற்றும்போது இந்த விகிதங்கள் கெடுவதில்லை. ஆனால் மரக்கட்டையின் ஒத்திசைவும் கூடவே நகர்ந்துவிடுவதால், அதிகம் ஏற்றினால் மிருதங்கம் பொம்மைக் கடை மேளமாகிவிடும். இரண்டு மூன்று அரை ஸ்வரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடுக்கை அதைவிடக் கடினம். இடையிலுள்ள கயிற்றைக் கை இறுக்கும்போது சுருதி வழுக்கிக்கொண்டு போகிறதே, அதை ஓர் அடியாகப் பிரிக்கவே முடியாது. முழுச் சொற்கட்டாகத்தான் பதிய வேண்டும்.

தாமதமும் முக்கியம். ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்லும். கருவி 20 மில்லிவினாடி தாமதித்தால், பம்பைக்காரர் உங்களுக்கு 7 மீட்டர் தள்ளி நின்று அடிப்பதற்குச் சமம். புளூடூத் இயர்போன்களில் பத்தில் ஒரு வினாடிக்கு மேலும் தாமதம் உண்டு. அதாவது 34 மீட்டர், தெருக்கோடி! கம்பி உள்ள இயர்போனே நல்லது.

சரி, எதை வாங்குவது? கோர்க் வோல்கா சாம்பிள் (2014) பெயரில் சாம்பிள் இருந்தாலும் தானாகப் பதியாது. போன் அல்லது கணினியிலிருந்து அனுப்ப வேண்டும். டீனேஜ் என்ஜினியரிங் பி.ஓ.-33 (2018) உள்ளங்கை அளவுதான். மைக் உண்டு, 40 வினாடி கொள்ளும், நம் 36 வினாடிக் கணக்கு அதில் அடங்கிவிடும். ஆனால் அதன் பொத்தான்களுக்கு விசை தெரியாது. அதே நிறுவனத்தின் ஈ.பி.-133 (2023) விசையை உணரும், மைக்கும் ஒலிபெருக்கியும் உள்ளேயே உண்டு, பேட்டரியில் ஓடும். ரோலண்ட் எஸ்.பி.-404 எம்.கே.II (2021) இன்னும் வலுவானது, விலையும் அதிகம். பதியத் தெரிந்த, விசை உணரும், பேட்டரியில் இயங்கும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். கோயில் திடலில் பிளக் தேடி அலைய முடியாது. பழுதானால் யாரிடம் கொடுப்பது என்பதையும் விற்பவரிடம் கேளுங்கள். அதற்கும் முன், போனில் கோலா சாம்ப்ளர் போன்ற ஒரு செயலியில் மூன்று மாதம் பழகுங்கள். அதற்குள் ஆர்வம் வடிந்துவிட்டால் அப்பாவின் பணம் மிச்சம்.

கருவியைவிட முக்கியமான ஒரு விஷயம் உண்டு. 1969-இல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற அமெரிக்கக் குழுவின் ஒரு பாட்டில் கிரெகரி கோல்மன் ஆறேழு வினாடி டிரம்ஸ் தனியாக வாசித்தார். அந்தத் துண்டை உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் சாம்ப்ளர் கொண்டு வெட்டி ஒட்டினார்கள். அவருக்கு அதற்காக ஒரு காசும் உரிமைத் தொகையாக வரவில்லை, 2006-இல் இறந்துபோனார். நம் நாட்டு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என்றே ஒரு பிரிவு இருக்கிறது. பம்பை வாசிப்பவர் அதை ஆண்டுக்கணக்கில் பழகிப் பிழைப்பவர். எனவே பூசை முடிந்து அவர் ஓய்வாக இருக்கும்போது போய், “அண்ணே, உங்க அடியைப் பதிஞ்சு தாளம் பண்ணலாமா?” என்று கேளுங்கள். எதற்கு என்பதைச் சொல்லுங்கள். பணம் வந்தால் பங்கு உண்டு என்றும், அவர் பெயர் போடப்படும் என்றும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மறுத்தால் போனைப் பையில் வைத்துவிடுங்கள்.

சம்மதித்தாரா? மைக்கை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் அவரை மிக ஓங்கி அடிக்கச் சொல்லி, அளவுமானி சிவப்பைத் தொடாதபடி ஒலியளவைக் குறையுங்கள். சிவப்பைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், பிறகு சரிசெய்ய வழியில்லை. போனில் தானியங்கி ஒலியளவு இருந்தால் அணைத்துவிடுங்கள். பம்பையின் இரண்டு முழவுகளில் ஒன்று மரம், மற்றொன்று வெண்கலம்; இரண்டையும் தனித்தனியே பதியுங்கள். ஒவ்வோர் அடிக்கும் பிறகு ஒலி முற்றிலும் அடங்கும்வரை யாரும் பேசாமல் இருக்கட்டும்.