வெள்ளணுக்களுக்கு வழிகாட்டும் புரதங்கள்

காலில் முள் தைத்த சில மணி நேரத்தில் அவ்விடம் சிவந்து, வீங்கி, வெம்மையுற்று வலிக்கின்றது. பின்னர் அங்கே திரளும் சீழில் பெரும்பகுதி, இரத்தத்தினின்று வெளிப்போந்து மடிந்த வெள்ளணுக்களேயாகும். உடலெங்கும் ஓடித் திரியும் இவ்வணுக்களுக்கு முள் தைத்த இடம் எவ்வாறு தெரிந்தது?

ருஷ்ய விஞ்ஞானி மெச்னிக்காவ் 1882-ஆம் ஆண்டில், ஸிஸிலித் தீவிலுள்ள மெஸ்ஸினா நகரில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற லார்வாவினுள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் நடமாடும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்திருக்கக் கண்டார். எனினும் அவற்றை அழைத்த பொருள் யாதென்பது நெடுங்காலம் விளங்கவில்லை. வெள்ளணுக்களை ஈர்க்கும் இன்டர்லூகின்-8 என்னும் சிறு புரதம் 1987-இல்தான் அடையாளம் காணப்பட்டது. இவ்வினப் புரதங்கள் கெமோக்கைன்கள் எனப்படும். மனித உடலில் இவை ஏறக்குறைய ஐம்பது உள்ளன.

காயமுற்ற திசு சுரக்கும் கெமோக்கைன், அருகிலுள்ள இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கின்றது. சுவரை ஒட்டி மெல்ல உருண்டு வரும் வெள்ளணுவின் மேற்பரப்பில் அதற்கெனவே ஓர் ஏற்பி உண்டு. இரண்டும் பொருந்திய கணத்தில் வெள்ளணுவின் பற்றுப்புரதங்கள் இறுகிப் பிடிக்க, அணு நின்றுவிடுகின்றது. பிறகு சுவரின் இடுக்கு வழியே நெளிந்து வெளியேறி, கெமோக்கைன் செறிவு மிகுந்த திசை நோக்கி ஊர்ந்து செல்கின்றது. மணத்தைப் பின்பற்றிப் பூவை அடையும் வண்டுக்கு இதனை ஒப்பிடுவது வெறும் அணியன்று. நம் மூக்கில் மணத்தை உணரும் ஏற்பிகளும் இவ்வேற்பிகளும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

மலேரியாப் பணியாளர் அறிய வேண்டிய செய்தி இனித்தான் வருகின்றது. தானாக நகரமாட்டாத சிவப்பணுவின் மீதும் கெமோக்கைனைப் பற்றும் புரதம் ஒன்று இருக்கின்றது. டஃபி என்னும் பெயருடைய இப்புரதம், இரத்தத்தில் மிதமிஞ்சிய கெமோக்கைனை உறிஞ்சி வைக்கின்றது. வைவாக்ஸ் மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவினுள் நுழையப் பற்றிக்கொள்வதும் இதனையே! டஃபி இல்லாதாரை அவ்வொட்டுண்ணி எளிதில் தாக்குவதில்லை என்பது 1976-இல் தெரிய வந்தது. மேற்கு ஆப்பிரிக்க மக்களுள் மிகப் பெரும்பாலோர் சிவப்பணுக்களில் இப்புரதம் இல்லை. அங்கே வைவாக்ஸ் அரிதாயிருப்பதன் காரணம் இதுவே. இந்தியரிடத்தில் டஃபி பரவலாகக் காணப்படுகின்றது. ஆயினும் இக்காப்பு முழுமையானதன்று: மடகாஸ்கர் முதலிய இடங்களில் டஃபி இல்லாதாரிடத்தும் வைவாக்ஸ் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே, எவருடைய இரத்தப் பூச்சையும் பாராமல் விட்டுவிடுதல் தகாது.

எய்ட்ஸ் வைரஸும் வேறொரு கெமோக்கைன் ஏற்பியைக் கதவாகக் கொள்வது 1996-இல் புலனாயிற்று. அவ்வேற்பியை அடைக்கும் மாரவிராக் என்னும் மருந்து 2007-இல் வழக்கிற்கு வந்தது. வீக்க நோய்களுக்கு இம்முறையில் மருந்து காணும் முயற்சிகளோ பெரும்பாலும் கைகூடவில்லை. ஒரே ஏற்பியில் பல கெமோக்கைன்கள் பொருந்துவதால், ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று அதன் வேலையை மேற்கொண்டுவிடுகின்றது.