ஒட்டு தெரியட்டும்!

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலையில் இருக்கிறது ரெட்டியார்சத்திரம். வழிநடையாகப் போவோர் தங்கி இளைப்பாறிய இடம் என்பதை ஊரின் பெயரே சொல்லும். தைப்பூசக் காலத்தில் இன்றும் அவ்வழியே நடைக்கூட்டம் செல்கிறது. அண்மையில் ஒருநாள் மாலை, அவ்வூர் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அங்கே வந்த கல்லூரி மாணவர் ஒருவரின் கையில் கல்கியின் 'அமரதாரா' இருந்தது.

"ஐயா, இரண்டு இரவு கண்விழித்துப் படித்து முடித்தேன். ஆனால் போகப்போக நடை மாறியதுபோல் தோன்றுகிறது. உடல்நலமில்லாத காலத்தில் கல்கி எழுதிய கதையோ?" என்று கேட்டார் அவர்.

நூலை வாங்கிப் புரட்டினோம். மலிவுப் பதிப்பு. அட்டையிலே ஒரே ஒரு பெயர். உள்ளே முன்னுரை இல்லை, பதிப்புரை இல்லை, ஒரு வரி விளக்கமும் இல்லை.

"தம்பி, இந்தக் கதையைக் கல்கி முடிக்கவில்லை" என்றோம்.

மாணவர் திகைத்துப் போனார். "அப்படியானால் நான் கண்ணீர் விட்ட இடம் யார் எழுதியது?" என்றார்.

நெஞ்சில் தைத்த கேள்வி இது. பதிப்பித்தவர் சொல்லியிருக்க வேண்டிய விடையைப் படித்தவர் திண்ணையிலே தேட வேண்டியிருக்கிறது. இது சின்னஞ்சிறு செய்தி என்று ஒதுக்கிவிட நம்மால் முடியவில்லை.

மகள் எடுத்த பேனா

நடந்தது என்ன? 1954 டிசம்பர் 5-ஆம் நாள் கல்கி கிருஷ்ணமூர்த்தி மறைந்தார். 'பொன்னியின் செல்வ'னை எழுதி நிறைவேற்றியவர், 'அமரதாரா'வை நடுவழியிலே விட்டுச் சென்றார். வாரந்தோறும் இதழை எதிர்பார்த்துக் காத்திருந்த வாசகர் கூட்டத்தின் முன்னே கதை அறுபட்டு நின்றது. அவருடைய மகள் ஆனந்தி, தந்தை வைத்துவிட்டுப் போன குறிப்புகளைக் கொண்டு அக்கதையை எழுதி முடித்தார்.

இதைக் குறை என்று சொல்வோர் உளரோ? நாம் சொல்லமாட்டோம். துயரம் ஆறாத வீட்டிலே, தந்தையின் எழுத்தைத் தொடர்ந்து எழுதுவதற்கு எத்துணை நெஞ்சுறுதி வேண்டும்! வாசகருக்குத் தந்தை பட்ட கடனை மகள் தீர்த்தார். அது பாராட்டுக்குரிய செயல். குற்றம் முடித்தவரிடம் இல்லை. முடித்தவரின் பெயரை அட்டையிலிருந்து உதிர்த்துவிட்டு, முழுவதையும் மூலவர் பெயரில் விற்கிறார்களே, அவர்களிடந்தான் இருக்கிறது. இதனால் இருவருக்கும் தீங்கு நேர்கிறது. உழைத்த மகளுக்குப் புகழ் மறுக்கப்படுகிறது. தந்தையோ தாம் எழுதாத வரிகளுக்கும் பொறுப்பாக்கப்படுகிறார்.

முன்னோர் காட்டிய வழி

பிறர் விட்டதை முடிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் 'காதம்பரி'யை முடிக்காமல் மறைந்தார். அவர் மகன் பூஷணபட்டர் அதை நிறைவு செய்தார். செய்தவர் மறைத்தாரா? இல்லை. தந்தை போனபின் கதை அறுந்து கிடப்பது கண்டு நல்லோர் வருந்தினர். அதனால்தான் எழுதத் துணிந்தேன், புலமைச் செருக்கினால் அன்று என்ற கருத்தைத் தம் பகுதியின் தொடக்கத்திலேயே சொல்லிவைத்தார். ஆயிரத்து முன்னூறு ஆண்டுகளுக்குமுன் ஒரு மகனுக்கு இருந்த நேர்மை, அச்சகமும் கணினியும் வந்த காலத்தில் வணிகருக்கு இல்லாமற் போவதா?

ரெட்டியாரின் பெயர் தாங்கிய ஊரில் இருந்து இதைப் பேசும்போது, ரெட்டி மன்னர் அவையில் விளங்கிய தெலுங்குக் கவிஞர் எர்ரனாவை நினையாமல் இருக்க முடியுமா? பதினோராம் நூற்றாண்டில் நன்னயர் தெலுங்கில் பாரதத்தைத் தொடங்கி, ஆரணிய பருவத்தின் நடுவிலே நின்றுபோனார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த திக்கனர், அந்த அரைகுறைப் பருவத்தைத் தொடாமல் விராட பருவத்தில் தொடங்கி இறுதிவரை பாடினார். நடுவிலே ஒரு பள்ளம். பதினான்காம் நூற்றாண்டில் எர்ரனா அதை நிரப்பினார். நன்னயரின் நடையில் தொடங்கித் திக்கனரின் நடைக்கு மெல்ல வந்து சேர்கிறார் என்று தெலுங்கறிஞர் போற்றுவர். தம் புரவலரான ரெட்டி மன்னருக்குப் படைக்காமல், நன்னயரைப் போற்றிய இராசராச நரேந்திரனுக்கே அப்பகுதியைப் படைத்தார் அவர். நடையில் ஒட்டுத் தெரியாது. ஆயினும் எர்ரனாவின் பங்கு எது என்பது தெலுங்கு படித்தவர் அனைவருக்கும் தெரியும். மூவரையும் 'கவித்திரயம்' என்று சேர்த்தே வணங்குகின்றனர். பணிவு ஒருபுறம், பதிவு மறுபுறம்! இரண்டும் சேர்ந்தே இருந்தன.

தமிழில் மட்டும் என்ன? கம்பன் ஆறு காண்டங்களோடு நிறுத்தினான். உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்குகிறது. அதைக் கம்பன் தலையில் எவரும் ஏற்றவில்லை. வில்லிபுத்தூரார் பதினெட்டாம் நாள் போரோடு முடித்த பாரதத்தை விரித்துப் பாடியவர் நல்லாப்பிள்ளை. வில்லியின் பாடல்களையும் உள்ளே வைத்துக்கொண்டார். எனினும் நூல் 'நல்லாப்பிள்ளை பாரதம்' என்ற பெயரிலேயே நிற்கிறது. ஏட்டுச்சுவடிக் காலத்தில் இவ்வளவு தெளிவு இருந்தது.

ஆவி எழுதியதாம்!

வெளிநாட்டுக் கதையையும் பார்ப்போம். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1870 ஜூன் 9-இல் இறந்தார். 'எட்வின் ட்ரூடின் மர்மம்' என்னும் கதை பன்னிரண்டு பகுதிகளாக வரவேண்டியது. ஆறு பகுதிகளோடு நின்றது. ட்ரூட் கொல்லப்பட்டானா, கொன்றவன் யார் என்பதற்கு விடை சொல்லாமலே ஆசிரியர் போய்விட்டார். விடுவார்களா? ஆளுக்கொரு முடிவு எழுதத் தொடங்கினர். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து அச்சுத் தொழிலாளி ஒருவர் 1873-இல் ஒரு முழு நூலையே வெளியிட்டார். எழுதியது தாம் அல்லவாம்; டிக்கன்சின் ஆவி வந்து தம் கையைப் பிடித்து எழுதியதாம்! அதையும் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர் இருந்தனர்.

சிரிக்கலாம். ஆனால் அந்த மனிதர் செய்த மோசடி எது? கதை எழுதியதன்று. தம் எழுத்துக்கு மாண்டவரின் பெயரைச் சூட்டியதே மோசடி. முடித்தவர் பெயரை விழுங்கிவிட்டு அச்சிடும் மலிவுப் பதிப்பும் அதையேதான் செய்கிறது. ஆவியை மட்டும் துணைக்கு அழைக்கவில்லை! இன்றோ ஆவியும் வேண்டாம். எந்த எழுத்தாளரின் நடையையும் போலச் செய்துகாட்டும் கணினிகள் வந்துவிட்டன. நாளைக்கே கல்கியின் பெயரில் பத்து முடிவுகள் ஒரே மாலையில் வெளிவரலாம். ஆகவேதான் இந்தக் கேள்வி இப்போது மிகமிக அவசரமாகிறது.

நேர்மையாகச் செய்வது எப்படி என்பதற்கும் உலகில் சான்று உண்டு. ஜப்பானிய நாவலாசிரியர் சோசேகி, நாளேட்டில் தொடராக எழுதிவந்த 'ஒளியும் இருளும்' என்னும் கதையை 188-ஆம் அத்தியாயத்தோடு விட்டுவிட்டு 1916-இல் மறைந்தார். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அது அப்படியே இருந்தது. 1990-இல் மினாயே மிசுமுரா என்னும் பெண் எழுத்தாளர் அதைத் தொடர்ந்து எழுதி முடித்தார். சோசேகியின் நடையிலேயே எழுதினார். தம் பெயரையே போட்டார். 'தொடர்ச்சி' என்று தலைப்பிலேயே சொன்னார். பழைய நூல் பழைய நூலாகவே நிற்கிறது. புதியது பிடிக்காதவர் அதைப் படிக்காமல் விடலாம். வாசகரின் உரிமை அங்கே காக்கப்பட்டது.

முடிவு என்பது கொள்கை

"கதையின் கடைசிப் பக்கத்தை யார் எழுதினால் என்ன?" என்று கேட்போருக்கு ஒன்று சொல்வோம். முடிவு என்பது வெறும் பக்கமன்று. கதையின் கொள்கை அங்கேதான் இருக்கிறது.

பாரதியாரின் 'சந்திரிகையின் கதை'யை எடுத்துக்கொள்வோம். 1921-இல் அவர் மறைந்ததால் அது முற்றுப்பெறவில்லை. தலைப்புக்குரிய சந்திரிகை இன்னும் சிறு குழந்தையாகவே அதில் இருக்கிறாள். குழந்தையைப் பெற்ற தாய் சாகும் தறுவாயில், இளமையிலேயே கணவனை இழந்த நாத்தி விசாலாட்சியை மறுமணம் செய்துகொள்ளும்படி வேண்டுகிறாள். ஆதரவு தேடி அந்தப் பெண் சென்னைக்கு வருகிறாள். சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயரும், ஆந்திரத்துச் சீர்திருத்தச் செம்மல் வீரேசலிங்கம் பந்துலுவும் கதைமாந்தராகவே உலவுகின்றனர். கைம்பெண் மறுமணம் பற்றிப் பேசவே பலர் கூசிய காலத்தில் எழுதப்பட்ட கதை இது!

இதன் மிச்சத்தை ஒருவர் எழுத வந்து, அந்தப் பெண் தான் செய்தது பிழை என்று வருந்தித் தலைகுனிந்ததாக முடித்துவிட்டால்? அதையும் பாரதியார் பெயரிலேயே அச்சிட்டு விற்றால்? சீர்திருத்தம் பேசிய நாவைக் கொண்டே சீர்திருத்தத்தைப் பழித்ததாகும். எதிர்த்துக் கேட்க அவர் எழுந்து வரமாட்டார். பேசமுடியாதவர் வாயில் சொல்லைத் திணிப்பது வீரமா?

சில எழுத்துகளை முடிக்காமல் விடுவதே மரியாதை. 1948-இல் மறைந்த புதுமைப்பித்தன் 'அன்னை இட்ட தீ' என்ற நாவலை முடிக்காமலே சென்றார். அது அப்படியே, குறையாகவே, 1998-இல் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் அதே தலைப்புள்ள தொகுப்பில் வந்தது. முடிக்க எவரும் துணியாததால் தமிழுக்கு ஏதும் இழப்பா? அவர் கை எங்கே நின்றது என்பதைக் காண்பதும் ஒரு கல்வியே.

இதே திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டில் பிறந்த இராஜம் ஐயரையும் மறக்கலாகாது. தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் 'கமலாம்பாள் சரித்திர'த்தை எழுதி முடித்தவர். 1896-இல் அது நூலாயிற்று. அதே ஆண்டில் சென்னையில் தொடங்கிய 'பிரபுத்த பாரத' ஆங்கில இதழுக்கு ஆசிரியரானார். அதில் வாசுதேவ சாஸ்திரி என்பவரின் கதையை ஆங்கிலத்தில் தொடராக எழுதிவந்தார். 1898-இல், முப்பது வயதும் நிரம்பாமல் மாண்டார். கதை நின்றது. இதழ் மட்டும் அல்மோராவுக்குப் போய்ப் புத்துயிர் பெற்றது. அவருடைய ஆங்கில எழுத்துகளைப் பின்னர் தொகுத்தவர்கள் அந்தக் கதையையும் நின்ற இடத்தோடு சேர்த்தார்கள். ஒரு மேதை எங்கே அறுபட்டான் என்பதை அந்த வெற்றிடம் சொல்லும் அளவுக்கு வேறெந்த முடிவும் சொல்லாது.

பொதுச்சொத்துக்குப் பொதுக்காவல்

பாரதியாரின் எழுத்துகளை 1949-இல் அரசு வாங்கி மக்களுக்கு உரியதாக்கியது. கல்கியின் நூல்கள் 1999-இலும், புதுமைப்பித்தனின் நூல்கள் 2002-இலும் நாட்டுடைமை ஆயின. நல்ல செயல்! ஏழை மாணவரும் வாங்கிப் படிக்க வழி பிறந்தது. ஆனால் எவரும் அச்சிடலாம் என்பதற்கு எப்படியும் அச்சிடலாம் என்று பொருளா? ஊர்ப் பொதுக்கிணற்றில் யாரும் நீர் இறைக்கலாம்; கலக்கிவிட்டுப் போக எவருக்கும் உரிமையில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னும் எழுதியவரே ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளும் தனி உரிமையைக் காக்கிறது. அந்த நெறியைத்தான் நாம் வேண்டுகிறோம்.

நாம் கேட்பவை மூன்று. முடிக்கப்பட்ட நூலின் அட்டையில் தொடங்கியவர் பெயரும் முடித்தவர் பெயரும் இருக்கவேண்டும். முதலாமவர் எழுத்து எந்தப் பக்கத்தில் நின்றது என்பதை அந்தப் பக்கத்திலேயே குறிக்கவேண்டும். அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் கிடைக்குமானால், அவற்றைத் தனியே பின்னிணைப்பாகத் தரவேண்டும். நூலகங்களுக்கு வாங்கும்போது இம்மூன்றும் உண்டா என்று அரசு பார்க்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஒரு தாள், நாலு வரி, கொஞ்சம் நாணயம்!

அன்று திண்ணையில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார் ஒரு முதிய விவசாயி. அவருக்குச் சிறிய மாந்தோப்பு உண்டு. கடைசியில் அவர் சொன்னார்: "தம்பி, ஒட்டு மாங்கன்று நடும்போது ஒட்டுப் போட்ட இடத்தை மண்ணுக்குள்ளே புதைக்கக் கூடாது. அது வெளியே தெரியவேணும். புதைச்சுட்டா கன்று கெட்டுப்போகும். வேர் ஒரு மரம், கிளை ஒரு மரம்னு சொல்றதிலே என்ன வெட்கம்? பழம் நல்லாத்தானே இருக்கு!"

மாணவர் உடனே பேனாவை எடுத்தார். தம் நூலின் முதல் பக்கத்தில், கல்கியின் பெயருக்குக் கீழே, 'முடித்தவர்: ஆனந்தி' என்று எழுதினார். அவர் கையால் எழுதியதைப் பதிப்பாளர்கள் அச்சிலே எழுதட்டும்.