நிற்கும் ஊழியருக்கு ஒரு முக்காலி



சரக்கு விலை, வரி, எடைக்கல் முத்திரை என்று நமது கூட்டங்களில் பேசாத விஷயமில்லை. காலையில் கடை திறந்தது முதல் இரவு ஷட்டர் இறக்கும் வரை நின்றுகொண்டே இருக்கும் ஊழியர்களின் கால்களைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஆள் நிற்பதில்லை, இரண்டு மாதத்தில் ஓடிவிடுகிறான் என்று புலம்புகிறோம். ஓடுவதற்குச் சம்பளம் மட்டுமே காரணம் அல்ல என்பது என் எண்ணம்.

பாதத்துக்கு இறங்கிய இரத்தம் மறுபடி இதயத்துக்கு ஏறியாக வேண்டும். அதற்குப் பம்பாக இருப்பது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. குழாய்களில் உள்ள சிறு வால்வுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் பம்பு ஓடுவதில்லை. இரத்தம் தேங்கிக் கால் வீங்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் வால்வு தளர்ந்து, குழாய்கள் புடைத்துச் சுருண்டுகொள்ளும். நரம்பு சுருட்டல் என்று நாம் சொல்வது இதைத்தான். குதிகால் வலியும் இடுப்பு வலியும் தனி. மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு போகிறது. ஆனால் அவர் நடந்துகொண்டாவது இருக்கிறார். தராசுக்குப் பின்னால் அசையாமல் நிற்பவருக்குத்தான் கால் முதலில் போகிறது.

முன்பு இந்த நிலைமை இவ்வளவு இல்லை. மண்டியில் முதலாளி திண்டில் சாய்ந்திருப்பார், கணக்குப்பிள்ளை சாய்வு மேசை முன் சம்மணமிட்டிருப்பார், பொட்டலம் மடிக்கிறவர் பலகையில் உட்கார்ந்திருப்பார். உயரமான கவுண்டரும் கம்ப்யூட்டர் பில்லும் வந்தபின் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கல்லாவில் இருக்கும் நாம் மட்டும் நாற்காலியை விடவில்லை.

சட்டமும் வந்துவிட்டது. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண் ஊழியர்கள் போராடியதன் பேரில் 2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. இது புதிய யோசனையும் அல்ல. இங்கிலாந்தில் கடைப் பெண்களுக்கு ஆசனம் தர வேண்டும் என்று 1899-லேயே சட்டம் போட்டார்கள்.

“வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதையா?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்றுதான் சொல்கிறது. வாடிக்கையாளர் பார்ப்பது எடையும் விலையும் சரியா என்பதை. மதியம் மூன்று மணிக்குக் காலியான கடையில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து கால் மாற்றிக்கொண்டு நிற்பதால் யாருக்கு என்ன மரியாதை?

செலவும் பெரிதல்ல. நாலு முக்காலியின் விலை ஒரு மூட்டை துவரம்பருப்புக்கு எட்டாது. ஆனால் சாதாரண பிளாஸ்டிக் முக்காலி கவுண்டருக்குக் குட்டை. பில் போடுமிடத்தில் கால் வைக்கக் கம்பியுள்ள உயர முக்காலி வேண்டும். நின்றே தீர வேண்டிய இடத்தில் அரை அடி உயரப் பலகை ஒன்றைப் போட்டால், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம், இடுப்புக்கு இதம். சிமெண்ட் தரையில் ரப்பர் விரிப்பு நல்லது. சாக்கை மடித்துப் போடாதீர்கள், வழுக்கும். லட்சுமி வாசம் செய்யும் இடம் என்று செருப்பை வெளியே விடச் சொல்வது நம் வழக்கம். அதைக் குறை சொல்லவில்லை. கடைக்குள் மட்டும் போடத் தனியாக ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பு வாங்கிக் கொடுக்கலாமே.

ஒன்று மட்டும் கவனம். ஒரு கால் மாத்திரம் திடீரென்று வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் தைலம் தேய்க்க வேண்டாம். இரத்தக் கட்டியாக இருக்கக்கூடும். அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள்.

எங்கள் மண்டியில் பில் போடுமிடத்தில் ஒன்றும் தராசுக்கு அருகில் ஒன்றுமாக முக்காலி போட்டிருக்கிறோம். மாத முதல் வாரத்தில் அவற்றில் உட்கார யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அந்த நாட்களில் மட்டும் இரண்டு மணிக்கொரு முறை தராசில் நிற்பவரைக் கிடங்குக்கும் கிடங்கில் இருப்பவரைத் தராசுக்கும் மாற்றி விடுகிறோம்.