புன்னைக்காய் எண்ணெய்

நற்றிணையின் 172ஆம் பாடலை நேயர்கள் அறிவீர்கள். விளையாட்டாக மணலிற் புதைத்த விதை புன்னையாய் வளர்கிறது. அது உங்கள் உடன்பிறந்தாள் என்று தாய் சொல்லியிருந்தமையால், அதன் நிழலில் உம்மோடு சிரித்துப் பேச வெட்கமாயிருக்கிறது என்று தலைவனிடம் கூறுகிறாள் தோழி. வகுப்பிலே இதைச் சுவைக்கும் மாணவர், திருகோணமலைக் கடற்கரையில் அம்மரத்தைக் காட்டினால் "இதுவா, சேர்?" என்கிறார்கள். பசுமை மாறாத தடித்த இலை, மணமுள்ள வெள்ளைப் பூ, உருண்டைக் காய். இதுவேதான்.

அம்மம்மா அக்காய்களைப் பொறுக்கி உலர்த்துவார். பச்சைப் பருப்பில் எண்ணெய் அரிது. வாரக்கணக்கிற் காய்ந்து பழுப்பான பின்பே ஊறும். கடுமணமுடைய அப்பச்சை எண்ணெயை மூட்டுவாதத்துக்கும் சொறி சிரங்குக்கும் பூசுவார். மிஞ்சியது விளக்குக்கு. உள்ளுக்குக் கொடுக்கவே மாட்டார். பசிபிக் கடலின் தஹித்தித் தீவினரும் இதனைத் தமனு என்று புண்ணுக்குப் பூசுகின்றனர். இதிலுள்ள கலோபிலொலைட் என்னும் பொருள் வீக்கத்தைத் தணிப்பதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. அம்மம்மாவின் வைத்தியம் வெறுங்கதையன்று.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீரிழிவுக்காரரான என் மாமாவின் கால்விரலிற் புண் வந்தபோது, சங்கப் பெருமையெல்லாம் பேசி ஒரு போத்தல் எண்ணெயைக் கொடுத்தவன் நானே. மேலே தோல் மூடியது. உள்ளே சீழ் பரவியது. நீரிழிவினால் நரம்பு மரத்திருந்தபடியால் அவருக்கு நோவே தெரியவில்லை. மூன்று வாரங் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது விரலை எடுக்கவேண்டியதாயிற்று.

மாமா என்னைக் குறை கூறவில்லை. முழங்கால் நோவுக்கு இன்றும் புன்னைக்காய் எண்ணெய்தான் பூசுகிறார். நான்தான் அப்பாடலை நடத்தும் நாளிற் சற்றே தடுமாறுகிறேன்.