பழைய மொபெட் வாங்குவோர் கவனத்திற்கு

கொடுமுடி வட்டாரத்தில் விடியற்காலையில் காலிங்கராயன் வாய்க்கால் கரைமேல் போகும் வண்டிகளில் மொபெட்டுகளே அதிகம் கண்ணில் படும். பால் கேன், புல் கட்டு, வாழைத்தார், மருந்து தெளிப்பான், சில சமயம் ஓர் ஆட்டுக்குட்டி என எல்லாம் அதில்தான் போகின்றன. முன்பு மாட்டு வண்டி செய்த சில்லறை வேலைகளை இப்போது இந்தச் சிறு வண்டி செய்கிறது. புதிது வாங்க வசதி போதாத சிறு விவசாயிகள் பழைய வண்டியைத் தேடுகிறார்கள். பார்த்து வாங்கினால் அது பல வருஷம் உழைக்கும். பாராமல் வாங்கினால் மெக்கானிக் கடை வாசலில் நிற்கும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் உண்டு. அது வண்டியில் இல்லை, அதன் காகிதத்தில் இருக்கிறது.

ஓசூரில் 1980-ல் டி.வி.எஸ். 50 தயாராயிற்று. இருவர் அமர்ந்து போகும்படி இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மொபெட் அதுவே. அதன் வழியில் வந்தவைதாம் எக்ஸ்.எல். வண்டிகள். பழைய எக்ஸ்.எல். சூப்பர் 69.9 சி.சி. கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. 2015-ல் 99.7 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுடன் எக்ஸ்.எல். 100 வந்தது. 2020-ல் பி.எஸ். 6 புகை விதிகள் அமலானபோது அதில் கார்புரேட்டருக்குப் பதிலாக பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்ஷன் முறை வந்தது. இந்த மூன்று வகையும் இன்று கைமாறுகின்றன.

எது நல்லது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. இரண்டு ஸ்ட்ரோக் வண்டி எளிமையானது. கிராமத்து மெக்கானிக் எவரும் பிரித்துப் பூட்டுவார். ஆனால் லிட்டருக்குச் சுமார் 20 மில்லி ஆயில் கலந்தே பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஒரு நாள் மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வண்டியின் வயதும் அதிகமாக இருக்கும். இன்ஜெக்ஷன் வண்டி சிக்கனமானது. ஆனால் மின்சாரத்தை நம்பியது. பாட்டரி அடியோடு இறங்கிவிட்டால் எவ்வளவு உதைத்தாலும் கிளம்ப மறுக்கலாம். தோட்டத்தில் வைத்துச் சமாளிக்க வேண்டியவருக்கு, 2015-க்கும் 2020-க்கும் இடையில் வந்த கார்புரேட்டர் உள்ள நான்கு ஸ்ட்ரோக் வண்டியே நடுத்தரமான தேர்வு. அதிலும் 2019 ஏப்ரலுக்குப் பிந்தியது கிடைத்தால் விடக்கூடாது. சிறிய இரு சக்கர வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் முறை அப்போதிலிருந்துதான் கட்டாயமாயிற்று. மழைக்காலத்து வாய்க்கால் கரையில் அதன் அருமை தெரியும்.

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடுவது பலரும் செய்கிற காரியம். 25 ஆயிரம் ரூபாய் இருந்தால், 18 அல்லது 19 ஆயிரத்துக்கு மேல் விலை பேசாமல் இருப்பது நலம். மீதி, வண்டியைச் சீர் செய்யவும் பெயர் மாற்றவும் வேண்டியிருக்கும். அதிகம் ஓடாத, ஏறக்குறையப் புதிய வண்டி என்று சொல்லி உயர்ந்த விலை கேட்டால், முதலில் புது வண்டியின் விலையை விசாரிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிற தரகர்கள் இருப்பார்கள்.

பார்ப்பது எப்படி?

வண்டியைக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். முதலில் எஞ்சின்மேல் கை வைத்துப் பார்ப்பது நல்லது. சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்பாது என்பதால் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் கிளப்பியதும் இலேசான நீலப் புகை வருவது இயல்பு. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை வந்தால் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது என்று பொருள். அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

ஆனால் எஞ்சினைவிட முக்கியமானது சட்டம். சுமை ஏற்றிய வண்டியின் உண்மையான வயது எஞ்சினில் தெரியாது; கேரியரின் அடியிலும், பின் ஷாக் அப்சார்பர் பொருந்தும் இடத்திலும், சென்டர் ஸ்டாண்டின் காதுகளிலும்தான் தெரியும். அங்கே வெல்டிங் வைத்த தழும்போ, வண்டியின் நிறத்தோடு ஒட்டாத புது பெயின்ட்டோ இருந்தால், அது முறிந்து ஒட்டப்பட்டது. எஞ்சினுக்குப் புது பிஸ்டன் போடலாம். முறிந்த சட்டம் பழைய பலத்துக்கு வராது. அத்தகைய வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் பேரிங்கும், ஹாண்டிலை முன்னும் பின்னும் அசைத்தால் ஃபோர்க்கும் தங்கள் நிலையைச் சொல்லிவிடும். செயின் பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல் வளைந்திருந்தால் ஆயுள் முடிந்தது. கடைசியாக, பின்னால் ஓர் ஆளை உட்காரவைத்து வாய்க்கால் கரை மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். கியர் இல்லாத வண்டியில் முழுப் பாரமும் கிளட்ச் மேல்தான் விழும். எஞ்சின் அலறியும் வண்டி நகராமல் கருகிய வாடை வந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

எக்ஸ்.எல். 100-க்குக் கம்பெனி சொல்லும் சுமை ஓட்டுபவரையும் சேர்த்து 130 கிலோ. 65 கிலோ எடையுள்ளவர் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை ஏற்றினால் 110 கிலோ, கவலையில்லை. இரண்டு மூட்டை என்றால் 155 ஆகிவிடும். 40 லிட்டர் பால் நிறைந்த அலுமினியக் கேன் ஒன்றே சுமார் 50 கிலோ வரும். இரண்டு கேன் கட்டுகிறவர்கள் வண்டியின் ஆயுளைப் பாலோடு சேர்த்து விற்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

வாங்கிய பின் செய்ய வேண்டியவை

முதல் செலவு பிரேக்குக்குத்தான். இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் ஷூவையும் கேபிளையும் மாற்றிவிட வேண்டும். அடுத்தது டயர், டியூப். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல்சக்கரம் புதுச் செயினையும் சீக்கிரம் கெடுத்துவிடும். எனவே மூன்றையும் ஒரே செட்டாகப் போடுவது சிக்கனம். பிறகு ஆயில், பிளக், ஏர் ஃபில்டர். இவை முடிந்த பிறகே சீட் உறையும் பெயின்ட்டும்.

இழுவை போதவில்லை என்பவர்கள் முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்துப் போடுவதுண்டு. மேடு ஏறும்; ஆனால் வேகம் குறையும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். ஈரோட்டுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு அது ஒத்துவராது. சைலன்சரைக் குடைந்து சத்தம் கூட்டுவதால் இழுவை கூடும் என்பது வீண் பேச்சு. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் இழுவை குறையவே செய்யும். சைலன்சரில் கரி படிந்திருந்தால் அதை எடுப்பதே சரியான வழி.

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வட்டாரத்தில் விளையும் கரும்பிலிருந்தும் எத்தனால் எடுக்கப்படுகிறது என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டர் வாஷர்களையும் ஒருமுறை புதிதாக மாற்றிவிடலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்த நேர்ந்தால் டாங்கிலும் கார்புரேட்டரிலும் உள்ளதை வடித்துவிட வேண்டும்.

காகிதம்

தெரிந்தவர்தானே என்று பெயர் மாற்றாமலே ஓட்டுவது கிராமங்களில் சகஜம். இதில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரு வண்டி பல கை மாறியும் பதிவு முதல் சொந்தக்காரர் பெயரிலேயே இருந்த வழக்கில், விபத்துக்கான இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. விற்றவர் தமக்குச் சம்பந்தமில்லாத விபத்துக்காகக் காட்டை அடமானம் வைக்கும் நிலை வரலாம். வாங்கியவருக்கும் நஷ்டம் உண்டு. சொந்தக்காரரே ஓட்டி இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் தரும் விபத்துக் காப்பீடு 2018 முதல் உண்டு. பதிவும் பாலிசியும் அவர் பெயரில் இருந்து, லைசென்சும் செல்லுபடியானால்தான் அந்தத் தொகை கைக்கு வரும்.

எனவே பணம் கொடுக்கும் அன்றே 29, 30 எண் படிவங்களில் விற்பவர் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன் சட்டத்திலும் எஞ்சினிலும் உள்ள எண்கள் பதிவுச் சான்றோடு ஒத்திருக்கின்றனவா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். சான்றில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான 35 எண் படிவம் இல்லாமல் பணம் தரக்கூடாது. பெயர் மாற்றத்துக்கு 30 நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும்.

பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணத்தோடு பசுமை வரியும் உண்டு. 14 வருஷம் ஆன வண்டி மலிவாகக் கிடைக்கும்போது இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மொபெட்தானே என்று பள்ளிக்கூடப் பையன்களிடம் கொடுத்தனுப்பவும் கூடாது. 50 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி என்பதால் 18 வயதும் லைசென்சும் இதற்கும் வேண்டும்.